கடைசி வரிசைக்குக் கேட்க வேணும்

எங்கள் பள்ளிச் சங்கீத ரீச்சர் போய்விட்டா என்ற செய்தி போன மாதம் வைபர் குழுவில் வந்தது. 94 வயது. பெயர் எழுதத் தேவையில்லை. வெள்ளைச் சீலை, கறுத்தக் குடை, கக்கத்தில் சுருதிப்பெட்டி என்றால் எங்கள் ஆண்டுக்காரர் எல்லாருக்கும் தெரியும். சங்க மலர்க்குழு ரீச்சரைப் பற்றி இரண்டு பக்கம் கேட்டிருந்தது. எழுத உட்கார்ந்தால் பழைய நாடக, சினிமாப் பாடகி கே.பி.சுந்தராம்பாளும் கூடவே வந்துவிடுகிறா. ஒருவரை விட்டு மற்றவரை எழுத எனக்கு வராது.

1971ஆம் ஆண்டு, நான் எட்டாம் வகுப்பு. பரிசளிப்பு விழாக் கூட்டுப் பாடலுக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்தது வேறொரு ஆசிரியை. நான் இரண்டு வரி பாடியதும் கையைக் காட்டி நிறுத்தினா. "இது ஆம்பிளைக் குரல். நீ பின்னுக்கு நிண்டு வாயை மட்டும் அசை. சத்தம் வரக்கூடாது." உயரமான பிள்ளை என்பதால் பின்வரிசைக்கு நான் தேவைப்பட்டேன். அந்தத் தவணை முழுக்க வாயை அசைத்தேன். விழா முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா, "எல்லாற்ற குரலுக்குள்ளயும் உன்ரை குரல் எனக்குத் தனியாக் கேட்டது" என்றா. அம்மாவுக்கு உண்மையைக் கடைசிவரை சொல்லவே இல்லை.

கண்டுபிடித்தது சங்கீத ரீச்சர்தான். அடுத்த தவணை முதல் பாடத்தில் எல்லாரும் பாடும்போது என் முன்னால் வந்து நின்றா. இரண்டு விரலை என் தொண்டையில் வைத்துப் பார்த்தா. "பாடுற பிள்ளைக்கு இதிலை அதிர வேணும். ஏன் அதிரேல்லை?" நான் அழுதுகொண்டே சொன்னேன். ரீச்சர் யாரையும் குறை சொல்லவில்லை. பாடத்தை நிறுத்திவிட்டு, சுந்தராம்பாளின் கதையைத் தொடங்கினா.

கொடுமுடியில் 1908இல் பிறந்த ஏழைப் பிள்ளை. வயிற்றுப்பாட்டுக்காக ரயிலில் பாடித் திரிந்தபோது அந்தக் குரலைக் கேட்டு நாடகத்துக்குக் கொண்டுபோனவர் எப்.ஜி.நடேசய்யர், ரயில்வே அதிகாரி, நாடகப் பைத்தியம். "முதல் முதல் அவ மேடையேறினது என்ன வேசத்திலை தெரியுமோ? நல்லதங்காளின்ரை மகன். ஆம்பிளைப் பிள்ளை வேசம்!" ரீச்சர் என்னைப் பார்த்துத்தான் சொன்னா.

நாடக நடிகர் கிட்டப்பாவின் கதையை மட்டும் ஒரே நாளில் சொல்லி முடிக்கவில்லை. ரீச்சரின் தகப்பனார் கொழும்பில் கிளாக்கராக இருந்தவர். 1926இல் சுந்தராம்பாளும் எஸ்.ஜி.கிட்டப்பாவும் முதன்முதலாகச் சேர்ந்து நடித்த கொழும்பு நாடகங்களைப் பார்த்தவர். அந்தக் காலத்தில் மைக் கிடையாது. ஆர்மோனியம், மிருதங்கம் இரண்டையும் தாண்டிக் கடைசியில் நிலத்தில் இருக்கும் சனம்வரைக்கும் பாட்டுப் போக வேணும். போகாவிட்டால் கூச்சல் போடுவார்கள். அதனால் அவர்கள் உச்சத்தில் பாடினார்கள், ஒவ்வொரு சொல்லையும் உடையாமல் பாடினார்கள். இருவரும் திருமணம் செய்தார்கள், பிரிவு வந்தது, 1933இல் கிட்டப்பா செத்துப்போனார். சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்றிலிருந்து வெள்ளைச் சீலை. ஆண் நடிகர்களோடு சோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தா. 1935இல் சினிமாவுக்கு அழைத்தபோது ஒரு லட்சம் ரூபா சம்பளத்தில் நந்தனாராகவே நடித்தா. மறுபடியும் ஆண் வேடம். இதைச் சொல்லும்போது ரீச்சர் தன் சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டா. ரீச்சர் ஏன் எப்போதும் வெள்ளை என்பது நாங்கள் வளர்ந்த பிறகுதான் விளங்கியது.

1953இல் ஜெமினியின் ஔவையார் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது ரீச்சர் ஐந்து தரம் பார்த்தாவாம். எங்கள் தலைமுறைக்கு 1965இல் வந்த திருவிளையாடல் ஔவைதான். ஆளைக் காணும் முன்பே குரல் வந்துவிடும். வயது போன குரல்தான், ஆனால் இறுகிக் கனிந்த குரல். அந்தக் குரலுக்கு 1969இல் துணைவன் படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. பசிக்காகப் பாடத் தொடங்கியவர் 1951இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தா என்பதை ரீச்சர் ஒவ்வொரு வருசமும் புதிய வகுப்புக்குச் சொல்வா.

1972 கலைவிழாவில் ஔவையார் வேசம் எனக்கு. பள்ளி விட்ட பிறகு மண்டபத்தில் பழக்கினா. என்னை மேடையில் விட்டுவிட்டு, தான் கடைசி யன்னலுக்குப் போய்விடுவா. "கேக்கேல்லை." நான் கத்துவேன். "கத்தாதை பிள்ளை, தொண்டை கிழிஞ்சுபோம். அடிவயித்திலை இருந்து எடு. சொல்லை முழுசா விடு." அடுத்த கிழமை யன்னலுக்கு வெளியே, மாமரத்தடியில் நின்றா. அதற்கடுத்த கிழமை கேற்றடியில். குடை விரித்த சின்ன உருவம் மட்டும் தெரியும். ஒருநாள் அந்தக் குடை ஒரு தரம் மேலே உயர்ந்து இறங்கியது. கேட்டுவிட்டது என்று அர்த்தம். அவ்வளவு பெரிய பரிசு அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை.

விழா அன்று தலையில் மாப் பூசி, நெற்றி நிறைய விபூதியோடு நின்றேன். திரை விலக முதல் ரீச்சர் வந்து மைக்கைத் தானே தூக்கிக்கொண்டு போய்விட்டா. பாடினேன். வாயை அசைக்கச் சொன்ன ஆசிரியை இரண்டாம் வரிசையில் இருந்தா. கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன்.

சுந்தராம்பாள் இறந்தது 1980இல். சைக்கிளில் ரீச்சர் வீட்டுக்குப் போனேன். தகப்பனாரின் பழைய கிராமபோனில் கிட்டப்பாவின் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. "அவர் போய் நாப்பத்தேழு வருசம் கழிச்சு இண்டைக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறா" என்றா. தேத்தண்ணி தந்தா. பாடச் சொல்லவில்லை.

1984இல் நான் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டபோது ரீச்சர் கேட்டது ஒன்றே ஒன்று: "அங்க போயும் விட்டிடாதை. ஒரு கசற்றிலை பாடி அனுப்பு." வந்த முதல் கிழமையே கசற் வாங்கினேன். அடுக்குமாடி வீடு, மெல்லிய சுவர். இரவு வேலை முடிந்து வருவேன், பிள்ளைகள் நித்திரை. கேற்றடி வரை போன குரலைப் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் பாடப் பார்த்தேன். அப்படிப் பாட அந்தக் குரலுக்குத் தெரியவில்லை. சரி, பெரிய வீடு வாங்கிய பிறகு பார்ப்போம் என்று வைத்தேன். வீடும் வாங்கினேன். ரீச்சர் கடிதங்களில் இரண்டு தரம் கேட்டா, பிறகு கேட்கவில்லை. கண்ணாடித்தாள் கூடப் பிரிக்காத அந்தக் கசற் இன்றும் அலமாரியில் இருக்கிறது.

இந்த மலர் வெளியீட்டு விழாவில் என்னை ஒரு பாட்டுப் பாடச் சொல்லிச் சங்கச் செயலாளர் கேட்டிருக்கிறார். ஒத்துக்கொண்டேன். 67 வயதுத் தொண்டை. மைக் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கடைசி வரிசையில் இருப்பவர்கள், கேட்டால் தயவுசெய்து கையை ஒரு தரம் உயர்த்துங்கள்.