நியூயார்க் பூங்காத் துறையில் யார் கையில் என்ன இருக்கிறது: எங்கள் தெருப் பூங்கா புதுப்பித்த அனுபவம்

குவீன்ஸில் எங்கள் தெருமுனையில் இருக்கும் சின்ன விளையாட்டுப் பூங்கா முழுதாகப் புதுப்பிக்கப்பட்டுத் திறந்துவிட்டது. அதிலிருந்து தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள், "எப்படி நடந்தது, யாரைப் பார்த்தீங்க?" என்று. தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் துறையின் மேல்தட்டு எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், பாதி அலைச்சல் அதிலேயே மிச்சமாகும். தலைமையில் கமிஷனர். அவரை மேயர் நியமிக்கிறார், அதனால் மேயர் மாறினால் பெரும்பாலும் கமிஷனரும் மாறுவார். அவருக்கு அடுத்து ஃபர்ஸ்ட் டெபுடி கமிஷனர், அப்புறம் பராமரிப்பு, கட்டுமானம், சுற்றுச்சூழல் என்று ஆளுக்கொரு பகுதியைப் பார்க்கும் டெபுடி கமிஷனர்கள். இவர்களோடு ஐந்து போரோவுக்கும் (குவீன்ஸ் மாதிரி நகரத்தின் பெரும் பிரிவுகள்) ஆளுக்கொரு போரோ கமிஷனர். 1934க்கு முன்னால் ஒவ்வொரு போரோவும் தன் பூங்காக்களைத் தனியாக நடத்திக்கொண்டிருந்தது. மேயர் லகார்டியா எல்லாவற்றையும் ஒரே துறையாக்கி ராபர்ட் மோசஸ் கையில் கொடுத்தார், அவர் 1960 வரை அந்த நாற்காலியில் இருந்தார். அதிகாரம் ஒரே இடத்துக்குப் போனாலும் போரோ கமிஷனர் என்ற பதவி இன்றும் இருக்கிறது. நம் மாதிரி ஆட்களுக்கு உண்மையில் முக்கியமானவர் அவர்தான்.

இந்தத் துறையின் கையில் இருப்பது 30,000 ஏக்கருக்கு மேல், நகரத்து நிலத்தில் கிட்டத்தட்ட 14 சதவீதம். கமிஷனரின் அலுவலகம் சென்ட்ரல் பார்க்கின் ஓரத்தில், ஐந்தாவது அவென்யூவில் ஆர்சனல் என்ற செங்கல் கட்டடத்தில் இருக்கிறது. 1851ல் ஆயுதக் கிடங்காகக் கட்டி முடித்தது. அங்கே எழுதினாலும் நம் தெரு ஊஞ்சல் விஷயம் எப்படியும் போரோ அலுவலகத்துக்குத்தான் வரும். குவீன்ஸுக்கு அது ஃபாரஸ்ட் பார்க்கில், ஓவர்லுக் என்ற கட்டடத்தில். நாங்கள் நேராக அங்கேதான் எழுதினோம், பூங்காவின் பெயர், குறுக்குத் தெருக்கள், எந்த மூலையில் என்ன பழசாகிவிட்டது என்று படங்களோடு. சின்ன வேலைகளை, உடைந்த பெஞ்சுப் பலகை, எரியாத விளக்கு மாதிரி விஷயங்களை, நகரத்தின் பொதுப் புகார் எண்ணான 311ல் சொல்லி, புகாருக்கான எண்ணை வாங்கி வைத்துக்கொண்டோம். இரண்டையும் கலக்காதீர்கள். ஒரு பெஞ்சை மாற்றுவது பராமரிப்பு. தரையைத் தோண்டி வடிகால் போட்டு எல்லாவற்றையும் புதிதாக அமைப்பது மூலதனத் திட்டம், அதற்கு வழியே வேறு.

வேறு என்று சொல்லக் காரணம் பணம். பெரிய புதுப்பிப்புக்கான பணம் பெரும்பாலும் மேயரிடமிருந்தோ, போரோவில் மக்கள் தேர்ந்தெடுக்கும் தலைவரான போரோ பிரசிடெண்டிடமிருந்தோ, நம் பகுதியின் நகர கவுன்சில் உறுப்பினரிடமிருந்தோ ஒதுக்கீடாக வர வேண்டும். முழுத் தொகையும் கையில் வந்த பிறகுதான் வடிவமைப்பே தொடங்கும். நகரத்தின் மொத்த பட்ஜெட்டில் பூங்காத் துறைக்குப் போவது ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. இவ்வளவு பேர் வெயிலிலும் பனியிலும் நம்பியிருக்கும் இடங்களுக்கு இது ரொம்பவே குறைவு, இதை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லத் தயங்கியதில்லை. ஆகவே போரோ கமிஷனருக்கு எழுதிய அதே வாரம் கவுன்சில் உறுப்பினர் அலுவலகத்துக்கும் போனோம். ஜனவரியில் முதற்கட்ட பட்ஜெட் வரும், ஜூனில் இறுதியாகும், ஜூலை 1ல் நிதியாண்டு தொடங்கும். கேட்க வேண்டியதை மே மாதத்தில் போய்க் கேட்டால் தாமதம்; குளிர்காலம் தொடங்குவதற்குள்ளேயே மனு அவர்கள் மேசையில் இருக்க வேண்டும்.

கம்யூனிட்டி போர்டு என்று பகுதிக்கொரு குழு இருக்கிறது, நகரம் முழுக்க 59. அவர்கள் சொல்வது ஆலோசனைதான், ஆனாலும் வருடா வருடம் தங்கள் பகுதிக்கு என்ன வேண்டும் என்று பட்டியல் அனுப்புவார்கள், அதில் நம் பூங்காவின் பெயர் இருந்தால் கவுன்சில் உறுப்பினருக்கும் பேசுவதற்கு ஒரு பிடி கிடைக்கும். அங்கே ஆளுக்குச் சில நிமிடங்கள்தான் தருவார்கள். எங்களில் ஒரு வங்காள அம்மா, ஒரு கொலம்பியத் தாத்தா, நான் என்று ஆளுக்கொரு விஷயம் பிரித்துக்கொண்டு பேசினோம். ஒரே புகாரை எல்லோரும் திரும்பச் சொல்வதைவிட அது நன்றாக எடுபட்டது.

பணம் ஒதுக்கியாகிவிட்டது என்று கடிதம் வந்ததும் எனக்குப் பிடித்த கட்டம் வந்தது: மக்களைக் கேட்கும் கூட்டம். ஒரு பள்ளி அறையில் பூங்காவின் வரைபடத்தைப் பெரிதாக மேசையில் விரித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மரத்தின் அடிப்பாகமும், வேர் பரவும் வட்டமும் அதில் குறித்திருந்தது. வடிவமைப்பாளர் ஓர் இளம் பெண், எல்லோர் கையிலும் வண்ணச் சீட்டுகள் கொடுத்து எங்கே என்ன வேண்டும் என்று ஒட்டச் சொன்னார். பிள்ளைகள் தண்ணீர் தெளிக்கும் இடத்தைச் சுற்றி ஒட்டித் தள்ளிவிட்டார்கள். ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா மட்டும் சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னிடம், "பெஞ்சு தெருவைப் பார்த்து இருக்குப்பா, பிள்ளைங்களைப் பார்த்த மாதிரி போடச் சொல்லு, நிழல்லயும் இருக்கணும்" என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்தப் பெண் குனிந்து, பழைய லண்டன் பிளேன் மரத்தின் வட்டத்தை விரலால் தொட்டுக் காட்டி, வேரை வெட்டாமல் அதன் ஓரத்தில் போடலாமா என்று அம்மாவையே கேட்டார். இன்றைக்கு பெஞ்சு அங்கேதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு பொறுமை. வடிவமைப்புக்கு 10 முதல் 15 மாதம், ஒப்பந்தத்துக்கு 7 முதல் 10 மாதம், கட்டுமானத்துக்கு 12 முதல் 18 மாதம் என்று துறையே பொதுவான கணக்கு வைத்திருக்கிறது. ஏன் இவ்வளவு என்றால், வடிவம் பொது வடிவமைப்பு ஆணையத்தின் ஒப்புதல் பெற வேண்டும், ஏலம் விட வேண்டும், ஒப்பந்தம் நகரக் கணக்காயரிடம் பதிவாக வேண்டும். இந்தப் பகுதியைப் பார்ப்பவர் கட்டுமான டெபுடி கமிஷனர். அவருடைய ஆட்கள் இருப்பது ஃப்ளஷிங் மெடோஸில் ஓம்ஸ்டெட் சென்டரில். ஒவ்வொரு திட்டமும் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம், மிட்செல் சில்வர் கமிஷனராக இருந்தபோது வந்த வசதி அது. யாரையும் போனில் நச்சரிக்காமல் அதைப் பார்த்து, ஒரு கட்டம் நகர்ந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்கள் குழுவில் போடுவேன். பூட்டிய வேலிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அந்தச் செய்தியாவது இருந்தது.

திறந்த பிறகு யாரிடம் பேசுவது என்று பலருக்குத் தெரியவில்லை. கட்டுமானப் பிரிவின் வேலை அதோடு முடிகிறது, பூங்கா பராமரிப்புப் பிரிவுக்கு வந்துவிடும். அங்கே நமக்கு நேரடியான ஆள் மாவட்டப் பூங்கா மேலாளர். திறப்பு நாளன்று போரோ அலுவலகத்திலிருந்து வந்தவர்களிடம் அவருடைய பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். புதிதாக நட்ட மரக்கன்றுகளுக்கு முதல் கோடையில் தண்ணீர் போவதைப் பற்றி இப்போது அவருக்குத்தான் எழுதுகிறேன்.