தும்பி இறக்கை

சிக்னலில் நின்ற கொஞ்ச நேரத்தில் டெம்பரேச்சர் முள் மெல்ல மேலே ஏறியது. வண்டி நகர்ந்ததும் இறங்கிவிட்டது.

ஓடினால் சரி, நின்றால் சூடு. அப்படியென்றால் காற்றுதான் போதவில்லை.

எஞ்சின் நன்றாக ஆறியபிறகு பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தேன். ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சருக்கும் எஞ்சினின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டருக்கும் நடுவே விரல் நுழையாத இடுக்கு. அதில் கம்பளி மாதிரி தூசி. அதன்மேல் ஒரு தும்பி இறக்கை, நரம்புகூட முறியாமல் ஒட்டியிருந்தது.

முன்னாலிருந்து பார்த்தால் எல்லாம் பளிச்சென்றுதான் இருக்கிறது!

எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளும்படி மெதுவாகத் தண்ணீர் விட்டேன். வேகமாக அடித்தால் ஃபின்கள், அந்த மெல்லிய தகடுகள், மடங்கிவிடும். சேறாக வந்தது, வந்துகொண்டே இருந்தது.

அப்புறம்தான் ஃபேனைச் சுற்றியிருக்கும் கூட்டில் ஒரு கிளிப் இல்லாதது கண்ணில் பட்டது. அந்த இடைவெளி வழியாக ஃபேன் எஞ்சினின் சூட்டுக் காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

நானோ இத்தனை நாளும் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம் அது. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து, ரேடியேட்டர் மூடியும் அழுத்தத்தைச் சரியாகத் தாங்கினால், 120 டிகிரி செல்சியஸில்கூடக் கொதிக்காது.

எஞ்சினை அணைத்ததும் சூடு குறைந்துவிடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் கூலன்ட் ஓட்டம் நின்றுவிடுவதால் பானெட்டுக்குள் கொஞ்ச நேரம் சூடு ஏறத்தான் செய்யும். பேட்டரியும் ரப்பர் குழாய்களும் வேகிறது அப்போதுதான்.

இன்று நிழலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்தே வைத்திருக்கிறேன்.