சுவாமி பேருக்கே

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்குப் பின்னால் தொடங்கும் மலைப்பாதையில் காலை எட்டு மணிக்கு ஏற ஆரம்பித்தேன். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டேன். மலையே லிங்கம் என்று கும்பிடுகிற இடம் இது; அதன்மேல் செருப்புக் காலோடு நடக்க மனம் வரவில்லை.

மனதில் ஒரு கேள்வியும் ஒரு காயமும் இருந்தன. 'நான்' என்று தனியாக ஒருவர் இல்லை, அது வெறும் மயக்கம் என்று எத்தனையோ வருஷமாகப் படிக்கிறேன். படித்ததை நேரில் பார்க்க யார் வழிகாட்டுவார்கள்? இது கேள்வி. காயம் சின்னது. தம்பி மகள் கல்யாணத்துக்கு என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தேதி குறித்துவிட்டார்கள். ஏழு மாதமாகியும் ஆறவில்லை. ஏறும்போது இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் நினைத்தேன்.

ஸ்கந்தாசிரமத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பகவான் ரமணர் 1916 முதல் 1922 வரை இருந்த இடம். தாயார் அழகம்மாளின் கடைசி நேரத்தில், ஒரு கையை அவர் மார்பிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடி மகன் பக்கத்திலேயே இருந்தது இங்கேதான். அங்கிருந்து பார்த்தால் அண்ணாமலையார் கோயில் முழுதும் கீழே தெரிகிறது. கோபுரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போல.

அப்புறம், அதற்கு முன் பகவான் இருந்த விரூபாக்ஷ குகைக்கு இறங்கினேன். 1902-இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் இந்த மலைக்கு வந்து 'நான் யார்?' என்று கேட்டார். பகவான் அப்போது பேசுவதில்லை; எழுதிக் காட்டினார். நான் கொண்டுவந்த கேள்வியும் அதுதானே என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

உள்ளே இருட்டும் வெக்கையும். முன்பு இங்கே வாழ்ந்த துறவி விரூபாக்ஷ தேவரின் சமாதி மேட்டருகில் ஒரு சின்ன விளக்கு. ஏழெட்டுப் பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். நானும் சுவரோரமாக உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, கல்யாண விஷயம் வந்துவிட்டது. 'என்னைக் கேட்கவில்லையே.'

வழக்கமாக அதை விரட்டப் பார்ப்பேன். இந்தத் தடவை விரட்டவில்லை. யாரைக் கேட்கவில்லை? அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்று தேடினேன். முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மரியாதை ஒன்றும் தேவைப்படவில்லை. நெஞ்சில் ஒரு இறுக்கம் இருந்தது. உற்றுப் பார்த்தால் அதுவும் வெறும் இறுக்கம்தான், அதற்குப் பேர் இல்லை. 'மூத்தவன்' என்ற நினைப்பு வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கரைந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் அவமானம் இருந்தது, அவமானப்பட்டவரைக் காணோம். விளக்கு எரிந்தது. பக்கத்தில் யாரோ மூச்சு விடும் சத்தம். அவ்வளவுதான்.

'கண்டுவிட்டேன்' என்று ஒரு எண்ணம் எழுந்தது. உடனே பழைய ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நான் யார் என்னும் நினைவு பிணம் சுடும் தடியைப் போல, மற்றதையெல்லாம் எரித்துவிட்டுக் கடைசியில் தானும் எரியும் என்று பகவான் சொன்னதை நினைத்துக்கொண்டேன். தடியைக் கையில் எடுத்ததே இன்றைக்குத்தான்.

ஊருக்குள் இறங்கும் பாதையில், 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையில் அவர் எழுதி வைத்துவிட்டுக் கிளம்பிய கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. பதினாறு வயதுப் பையன். அண்ணனின் காலேஜ் கட்டணத்துக்காகக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு மீதி இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனார். கடிதம் 'நான்' என்றுதான் தொடங்குகிறது. தகப்பனாரை, அதாவது அருணாசலேசுவரரை, தேடிக் கிளம்பிவிட்டதாகச் சொல்கிறது. அடுத்த வாக்கியத்திலேயே அந்த 'நான்' போய், 'இது நல்ல காரியத்தில்தான் பிரவேசித்திருக்கிறது' என்று வருகிறது. 'இப்படிக்கு' என்று போட்ட இடத்தில் பெயர் இல்லை, ஒரு கோடு மட்டும். எத்தனை முறை படித்தாலும் அந்தக் கோட்டில் வந்து நின்றுவிடுகிறேன். எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாக வழி சொன்னதில்லை.

சாயங்காலம் பெரிய கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கி வரிசையில் நின்றேன். கர்ப்பகிருகத்தை நெருங்க நெருங்க அனல் போல ஒரு சூடு முகத்தில் பட்டது. அக்னித் தலம் அல்லவா.

"பேர், நட்சத்திரம் சொல்லுங்க" என்றார் குருக்கள்.

என்னிடம் ஒரு பட்டியல் உண்டு. என் பெயரில் தொடங்கி வீட்டிலுள்ள எல்லோர் பெயரும் வரும். ஏழு மாதமாக எந்தக் கோயிலிலும் தம்பி வீட்டுப் பெயர்களை நான் சொல்லவில்லை. அது இன்றைக்கு வரிசையில் நிற்கும்போதுதான் எனக்கே உறைத்தது.

"சுவாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டுத் தட்டோடு உள்ளே திரும்பினார்.