ரெண்டு கோடு போட்டா ரெண்டு வழி ஆயிடுமா?

ஒரு ஸ்பின்னிங் மில்காரங்களுக்கு ஐபி போன் (நெட்வொர்க் கேபிள்ல பேசற போன்) செட்டப் போட்டுக் கொடுக்குற வேலை வந்துச்சு. கோயம்புத்தூர்ல ஹெட் ஆபீஸ், பல்லடத்துல ஒரு மில்லு, திண்டுக்கல் பக்கம் இன்னொன்னு. பழைய இன்டர்காம் பொட்டிய தூக்கிட்டு ஆஸ்டிரிஸ்க் (கம்ப்யூட்டரையே டெலிபோன் எக்ஸ்சேஞ்சா மாத்துற சாஃப்ட்வேர்) சர்வர் வைக்கணும், எந்த லைன் போனாலும் கால் நிக்கக்கூடாது, இவ்ளோதான் முதலாளி சொன்னது. நானும் வீட்ல உக்காந்து ட்ரா டாட் ஐஓ-ங்கற படம் வரையற வெப்சைட்ல அழகா ஒரு படம் போட்டேன். நடுவுல சர்வர், இடது பக்கம் எஸ்ஐபி டிரங்க் (டேட்டா லைன் வழியா வர்ற போன் இணைப்பு) பச்சைக் கோட்ல, வலது பக்கம் பிஆர்ஐ லைன் (ஒரே லைன்ல 30 கால் வர்ற பழைய வகை டெலிபோன் இணைப்பு) ஆரஞ்சுக் கோட்ல, ரெண்டுக்கும் மேல வெளி நெட்வொர்க்குக்கு அடையாளமா ஒரு மேகம். பச்சை படுத்தா ஆரஞ்சு. பாக்க ஜோராத்தான் இருந்துச்சு.

அதை பிரிண்ட் எடுத்துட்டு மில்லுக்குப் போனா, அங்க எலக்ட்ரீசியன் அண்ணா ஒருத்தர், இருபது வருசமா அங்கயே இருக்கறவர், படத்தையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, "ஏனுங் தம்பி, படத்துல ரெண்டும் ரெண்டு பக்கமா வருது, ஆனா கேட்டுக்கு முன்னாடி இருக்குற கம்பத்துல ரெண்டும் ஒன்னாத்தான வருது?"ன்னாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. வெளிய போய் அண்ணாந்து பாத்தா ஆமா, ஒரே கம்பம், ஒரே கேபிள். இப்பெல்லாம் பிஆர்ஐ-யும் நிறைய இடத்துல பழைய காப்பர் ஜோடில வர்றதில்லை, ஃபைபர்ல வந்து உள்ள ஒரு மக்ஸ் பொட்டில (ஃபைபர்ல வர்றத போன் லைனா பிரிச்சுக் குடுக்குறது) இறங்கி அங்கிருந்துதான் நம்ம கேட்வேக்கு (போன் லைனையும் சர்வரையும் சேக்குற பொட்டி) வருது. ஒரு ஜேசிபிகாரன் சாக்கடை நோண்டறப்ப கேபிள இழுத்தான்னா என்னோட பச்சையும் போச்சு ஆரஞ்சும் போச்சு.

உள்ள வந்தா இன்னொரு கூத்து. ஃபைபர் மோடம், மக்ஸ் பொட்டி, பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் கேபிள்லயே போனுக்கு கரண்ட்டும் அனுப்பறது) மூணும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகியிருக்கு, அது யுபிஎஸ்ல கூட இல்ல, சுவத்து பிளக்ல. அந்தக் காலத்து போனுக்கு எக்ஸ்சேஞ்ச்ல இருந்தே 48 வோல்ட் வரும், ஊரே இருட்டா இருந்தாலும் டயல் டோன் கேக்கும். ஐபி போனுக்கு சுவிட்ச்தான் கரண்ட் குடுக்குது, சுவிட்ச் செத்தா மேசை மேல இருக்குறது வெறும் பிளாஸ்டிக்.

அன்னைக்கு நைட்டே படத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு மூணு படமா போட ஆரம்பிச்சேன். முதல் படம் கேபிள் எப்படி வருதுன்னு மட்டும், கம்பம், குழி, எந்த சுவர் வழியா நுழையுது, எந்த பிளக்கு, எந்த யுபிஎஸ், எல்லாம் அண்ணா சொல்லச் சொல்ல நான் வரைஞ்சது. இதுல மேகம் வரையவே கூடாதுன்னு எனக்கு நானே போட்ட கண்டிஷன், ஏன்னா நமக்குத் தெரியாததையெல்லாம் மூடி மறைக்கத்தான் அந்த மேகத்த போடறோம். ரெண்டாவது ஐபி அட்ரஸ், வீலேன் (ஒரே நெட்வொர்க்க தனித்தனியா பிரிக்கறது) எல்லாம், அது எல்லாரும் போடறதுதான். மூணாவது படம்தான் முக்கியம், ஒரு கால் பொறந்து சாகற வரைக்கும் எங்கெங்க போகுது, எந்த இடத்துல என்ன பதில் வந்தா எந்தப் பக்கம் திரும்புதுன்னு.

அத போட உக்காந்தப்பதான் டயல்பிளான்ல (எந்தக் கால் எந்த வழியா போகணும்னு சர்வருக்கு எழுதி வைக்கறது) நான் பண்ணி வச்சிருந்த தப்பு தெரிஞ்சுது. முதல் டிரங்க்ல கால் போகலன்னா ரெண்டாவதுல போடுன்னு மட்டும் எழுதியிருந்தேன். ஆனா "போகல"ங்கறது எத்தனை விதம்! அந்தப் பக்கம் ஆள் வேற கால்ல இருந்தா 486-ங்கற பதில் கோட் வரும், அதுக்கு ரெண்டாவது லைன்ல திரும்ப அடிச்சு என்ன பிரயோஜனம், அங்கயும் பிஸிதான். 503 (இப்ப சேவை இல்லைங்கற பதில்) வந்தா, இல்ல அவங்க சர்வர்ல இருந்து பதிலே வரலன்னாத்தான் வழி மாத்தணும். ஆஸ்டிரிஸ்க் டயல் பண்ணி முடிச்சதும் என்ன ஆச்சுன்னு ஒரு ஸ்டேட்டஸ் குடுக்கும், பிஸின்னா பிஸி டோன் குடுத்து நிறுத்திடு, கன்ஜெஷன் (நெரிசல்) அல்லது சேனல் அன்அவைலபிள்னா (லைனே கிடைக்கலன்னா) மட்டும் பிஆர்ஐக்கு தள்ளுன்னு மாத்தினேன்.

பதிலே வராத கேஸ்தான் மோசம். எஸ்ஐபி-ல இன்வைட், அதாவது கால் போடற மெசேஜ், அனுப்பி பதில் இல்லன்னா அரை செகண்ட், ஒரு செகண்ட், ரெண்டு, நாலுன்னு இடைவெளிய இரட்டிச்சுக்கிட்டே திரும்பத் திரும்ப அனுப்பும், 32 செகண்ட் கழிச்சுதான் கைவிடும், 2002-ல வந்த எஸ்ஐபி விதிமுறை ஆவணம் ஆர்எஃப்சி 3261-ல இருக்குற கணக்கு அது. 32 செகண்ட் சத்தமே இல்லாம யாரு காதுல ரிசீவர வச்சுட்டு நிப்பாங்க? ரிசப்ஷன் அக்கா ஆறாவது செகண்ட்லயே வச்சுட்டாங்க, நான் வாட்ச் வச்சுப் பாத்தேன். பேக்கப் வர்றதுக்குள்ள ஆளே இல்ல. அதனால 30 செகண்டுக்கு ஒரு தடவ டிரங்க்கு ஆப்ஷன்ஸ்னு ஒரு மெசேஜ் அனுப்பி உயிரோட இருக்கியான்னு கேக்க வச்சேன், இல்லன்னு தெரிஞ்சா கால் நேரா அடுத்த வழிக்குப் போயிடும். இதுலயும் ஒரு ஓட்டை, அவங்க சர்வர் இருக்கேன்னு பதில் சொல்லும் ஆனா அதுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும், அதுக்குத்தான் அந்த 503 செக்கும் கூடவே வேணும்.

பேண்ட்வித் பத்தி எல்லாரும் பயப்படறாங்க, அது ஒரு விஷயமே இல்லங்க. ஜி.711 கோடெக்ல (குரல டேட்டாவா மாத்துற முறை) ஒரு காலுக்கு ஈதர்நெட் ஹெடர் எல்லாம் சேத்து ஒரு பக்கத்துக்கு 87 கேபிபிஎஸ் கிட்ட வரும், பிஆர்ஐ-ல மொத்தமே 30 சேனல், அத்தனையும் பிஸியானாலும் மூணு எம்பிபிஎஸ் தொடாது.

அவுட்கோயிங் இவ்ளோதான், நம்ம கையில இருக்கு. இன்கமிங்தான் தலைவலி. 0422 நம்பர் இருபது வருசமா நூல் வாங்கறவங்க டைரில இருக்கு, அந்த நம்பர் இருக்குறது நம்ம சர்வர்ல இல்ல, டெலிபோன் கம்பெனி எக்ஸ்சேஞ்ச்ல. நம்ம லைன் அறுந்தா கால் அங்கயே செத்துடும், நான் டயல்பிளான்ல தலைகீழா நின்னாலும் ஒன்னும் பண்ண முடியாது. அவங்க பக்கத்துலயே இந்த லைன் கிடைக்கலன்னா அந்த நம்பருக்கு திருப்புன்னு போட்டு வைக்கணும். அதுக்கு லெட்டர்ஹெட்ல லெட்டர், சீல், கையெழுத்து, மூணு வாரம் அலைச்சல்.

திண்டுக்கல்ல லைன் போனா இன்டர்நெட் வழியா கோயம்புத்தூர் கொண்டு வந்து அங்க பிஆர்ஐ-ல இறக்கிடலாமேன்னு முதலாளி பையன் கேட்டாரு. டெக்னிக்கலா ரெண்டு நிமிஷ வேலை. ஆனா ஊருக்கு ஊர் எஸ்டிடி காச மிச்சம் பிடிக்க அப்படி இறக்குறதுக்குப் பேரு டோல் பைபாஸ், நம்ம நாட்டுல அது வில்லங்கம் பிடிச்ச சமாச்சாரம், சிஸ்கோவோட போன் சர்வர் சாஃப்ட்வேர் கால் மேனேஜர்ல லாஜிக்கல் பார்ட்டிஷனிங்னு, இப்படி இறக்க விடாம தடுக்கறது ஒன்னு இருக்கே, அது இந்த மாதிரி ரூலுக்காகத்தான். அதனால அங்கங்க ஒரு லோக்கல் லைன் வச்சோம், 108-ம் 112-ம் எப்பவுமே அதுலதான் போகணும்னும் எழுதி வச்சேன்.

ஹெட் ஆபீஸ்லயும் திண்டுக்கல்லயும் ரெண்டாவது வழி இப்போ வேற கம்பெனியோட ரேடியோ லிங்க், மொட்டை மாடில டிஷ், கம்பத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, தனி யுபிஎஸ். டெஸ்ட் அன்னைக்கு வேலை நேரத்துலயே அண்ணாவ விட்டு ஃபைபர உருவச் சொன்னேன். பேசிட்டு இருந்த கால் கட் ஆச்சு, அதக் காப்பாத்த முடியாதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தேன். அக்கா திரும்ப அடிச்சாங்க, ரெண்டு செகண்ட்ல ரிங் போச்சு. "இதுக்கா இத்தன நாளு?"ன்னாங்க.

படம் மூணையும் லேமினேட் பண்ணி ரேக் கதவுல ஒட்டியிருக்கு. பல்லடத்துக்கு மட்டும் ரேடியோ சிக்னல மறைக்கிற மாதிரி நடுவுல ஒரு குடோன் நிக்குது, அங்க ரெண்டாவது கோடு இப்போதைக்கு புள்ளி புள்ளியாத்தான் இருக்கு.