கோப்பு இருக்கிறது, போர்டு இல்லை என்கிறது

கம்பைல் செய்த புரோகிராமை, கருவியின் சின்னக் கணினியான போர்டுக்குள் காப்பி செய்து ஓட்டினால், 'அப்படி ஒரு கோப்போ ஃபோல்டரோ இல்லை' என்று ஷெல் பதில் சொல்கிறது. எல்எஸ் அடித்துப் பார்த்தால் கோப்பு கண்ணெதிரே கிடக்கிறது. எக்ஸிக்யூட் அனுமதியும் சரியாக இருக்கிறது. கருவிகளுக்குள் ஓடும் எம்பெடட் லினக்ஸில், திரைக்கான புரோகிராம்களை எழுத உதவும் க்யூட்டி லைப்ரரியை ஏற்றும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அரை நாளைத் தொலைக்கும் இடங்களில் இது முக்கியமானது. ஷெல் பொய் சொல்லவில்லை. அது இல்லை என்பது நம் புரோகிராமை அல்ல, அந்தப் புரோகிராம் தன்னை மெமரியில் ஏற்றிவிடச் சொல்லிக் கேட்கும் டைனமிக் லோடரை. 32 பிட் ஆர்ம் போர்டுகளில் தசம எண்களைக் கையாளும் முறை இரண்டு: ஹார்டு ஃப்ளோட்டுக்கு ஒரு லோடர், சாஃப்ட் ஃப்ளோட்டுக்கு வேறு லோடர், பெயரே வேறு. போர்டில் ஒன்று இருக்க, டூல்செயின் (கம்பைலர், லிங்க்கர் தொகுப்பு) இன்னொன்றின் பெயரை எழுதி வைத்திருக்கிறது. ரீட்எல்ஃப் கருவி கொண்டு புரோகிராம் ஹெட்டரைப் பார்த்தால் எந்த இன்டர்ப்ரெட்டரை, அதாவது லோடரை, கேட்கிறது என்பது ஒரே வரியில் தெரிந்துவிடும்.

டெஸ்க்டாப்பில் க்யூட்டியை நிறுவுவது ஒரே இடத்தில் முடிகிற வேலை. எம்பெடடில் அது மூன்று இடத்து வேலை: கம்பைல் செய்யும் ஹோஸ்ட் கணினி, அந்தக் கணினிக்குள் போர்டின் நகலாக வைத்திருக்கும் சிஸ்ரூட், கடைசியில் போர்டு. இந்த மூன்றும் ஒத்துப்போகாதபோது வரும் எரர், தப்பு நடந்த இடத்தில் தலைகாட்டாது. சிஸ்ரூட்டில் திங்கட்கிழமை விட்ட பிழை, வியாழக்கிழமை போர்டில் வந்து நிற்கும். எரர் வரியை அப்படியே எடுத்துத் தேடுவதைவிட, இந்த மூன்றில் எது மற்ற இரண்டோடு முரண்படுகிறது என்று கேட்டால் விடை சீக்கிரம் கிடைக்கும்.

இன்னொரு தொல்லை, க்யூட்டிக்கு வயது அதிகம். உருவாக்கியவர்கள் 'க்யூட்' என்றுதான் உச்சரிக்கச் சொல்கிறார்கள். பணியிடத்தில் எல்லோருக்கும் அது க்யூட்டிதான். டிரோல்டெக் அதை வெளியிட்டது 1995-ல். 2000-ல் எக்ஸ் விண்டோ இல்லாமல் நேராக ஃப்ரேம்பஃபரில் வரையும் எம்பெடட் வடிவமும் வந்துவிட்டது. ஆகவே பழைய குறிப்புகள் மலைபோலக் கிடக்கின்றன. புரோகிராமை ஓட்டும்போது க்யூடபிள்யூஎஸ் (க்யூட்டியின் சொந்த விண்டோ சிஸ்டம்) ஆப்ஷன் கொடுக்கச் சொன்னால் அது நான்காம் பதிப்புக் காலத்தது. 2012 டிசம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பில் அந்த விண்டோ சிஸ்டமே கிடையாது. க்யூமேக் என்ற பில்டு கருவியும் டிவைஸ் ஆப்ஷனும் பேசினால் ஐந்தாம் பதிப்பு. அதற்குப் பதில் சிமேக், டூல்செயின் கோப்பு என்று போனால் 2020 டிசம்பரில் வந்த ஆறு. இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் எடுத்துச் செய்த கலவை எதுவும் தேறியதில்லை.

எல்லாவற்றையும் கையால் கட்ட வேண்டும் என்றும் இல்லை. விற்பனைக்குப் போகும் கருவி என்றால், லினக்ஸ் இமேஜையே கட்டித்தரும் யோக்டோவில் மெட்டா-க்யூட்டி6 லேயரைச் சேர்த்துவிடுவதே நல்லது. டூல்செயின், சிஸ்ரூட், போர்டு இமேஜ் மூன்றையும் ஒரே ரெசிப்பித் தொகுப்பு உண்டாக்குவதால் முரண்பட இடமே குறைவு. டெபியன் ஓடும் போர்டில் முன்மாதிரி காட்டினால் போதும் என்றால் அதன் பேக்கேஜ் கருவியான ஆப்ட் கொண்டு போட்டுக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவே, டெபியன் போர்டு, ஆனால் க்யூட்டி மட்டும் நாம் கேட்கிற பதிப்பில் வேண்டும் என்கிற நிலைதான் கையால் கிராஸ் கம்பைல் செய்ய, அதாவது ஹோஸ்டில் வைத்துப் போர்டுக்காகக் கட்ட, வைக்கிறது. இனி வருவதெல்லாம் அந்த நிலைக்கு.

ஆறாம் பதிப்பில் முதலில் ஹோஸ்டுக்கே ஒரு க்யூட்டி கட்ட வேண்டும், போர்டுக்குப் போகப்போகும் அதே பதிப்பில். மாக், ஆர்சிசி, யூஐசி போன்ற, கோடை உண்டாக்கித்தரும் கருவிகள் கம்பைல் நேரத்தில் ஹோஸ்டில் ஓடுபவை. ஆர்முக்குக் கட்டிய மாக்கை இன்டெல் கணினி எப்படி ஓட்டும்? ஹோஸ்டில் எல்லா மாட்யூலும் தேவையில்லை. திரையை க்யூஎம்எல் மொழியில் எழுத உதவும் க்யூட்டி குயிக் வேண்டுமென்றால் பேஸ், ஷேடர்டூல்ஸ், டிக்ளரேடிவ் ஆகிய மூன்றும் போதும். இதில் ஷேடர்டூல்ஸை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். விட்டால் கம்பைல் நிற்காது, க்யூஎம்எல் எஞ்சினும் கட்டப்படும். குயிக் மட்டும் கட்டாமல் விடப்படும். மூன்று மணி நேரம் கழித்துத்தான் 'குயிக் எங்கே' என்ற கேள்வி வரும்.

கம்பைல் பாதியில் நின்று, சி++ கம்பைலரான சிசி1ப்ளஸ் 'கில்டு' என்று ஒரு வரி மட்டும் வந்தால் அது கோடின் பிழை அல்ல. மெமரி தீர்ந்து கர்னலே அதைக் கொன்றிருக்கிறது. கம்பைல் வேலைகளைப் பங்கிடும் நிஞ்சா, எத்தனை கோர் இருக்கிறதோ அதற்குத் தக்க ஜாப்களை ஓடவிடும், மெமரியைப் பார்க்காது. ஒரு ஜாப்புக்கு 2 ஜிபி என்று கணக்கு வைத்துக்கொள்வது பாதுகாப்பு. 16 கோரும் 16 ஜிபியும் உள்ள கணினியில் 8 ஜாப் போதும்.

சிஸ்ரூட்டுக்கு வருவோம், பெரும்பாலான துன்பம் குடியிருப்பது அங்கேதான். முதலில் போர்டிலேயே டெவலப்மென்ட் பேக்கேஜ்களைப் போட வேண்டும்: வரைகலைக்கு ஈஜிஎல், ஜிஎல்இஎஸ், ஜிபிஎம், டிஆர்எம்; இன்புட்டுக்கு யூடெவ், லிப்இன்புட், எக்ஸ்கேபிகாமன்; எழுத்துக்கு ஃபான்ட்கான்ஃபிக், ஃப்ரீடைப். பிறகு லிப், யூஎஸ்ஆர் லிப், யூஎஸ்ஆர் இன்க்ளூட் மூன்றையும் ஆர்சிங்க் என்ற காப்பி கருவி கொண்டு ஹோஸ்டுக்கு இழுக்க வேண்டும். இழுத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பொறி. போர்டில் சில சிம்லிங்க்குகள் (வேறு கோப்பைச் சுட்டுபவை) ரூட்டிலிருந்து முழுப் பாதையோடு எழுதப்பட்டிருக்கும். அதே லிங்க் ஹோஸ்டுக்கு வந்ததும் அது சுட்டுவது ஹோஸ்டின் சொந்த லிப் ஃபோல்டரை. லிங்க்கர் அங்கே போய்ப் பார்க்கும். ஒன்று கோப்பு இருக்காது, அல்லது இன்டெல் லைப்ரரி இருக்கும். சிம்லிங்க்ஸ் என்ற சின்னக் கருவியால் முழுப் பாதைகளைச் சார்புப் பாதைகளாக மாற்றிவிட வேண்டும். புதிய டெபியன்களில் லிப் என்பதே யூஎஸ்ஆர் லிப்புக்குப் போகும் ஒரு லிங்க். சிஸ்ரூட்டிலும் அது லிங்க்காகவே இருக்கட்டும், தனி ஃபோல்டராக்கி விடக்கூடாது.

லைப்ரரிகள் எங்கே என்று சொல்லும் பேக்கேஜ்-கான்ஃபிக்கும் இதே ரகம். எந்த சிஸ்ரூட், எந்த லிப் ஃபோல்டர் என்று இரண்டு என்விரான்மென்ட் வேரியபிள்களில் சொல்லாவிட்டால் அது ஹோஸ்டின் விவரத்தைக் கூசாமல் எடுத்துக் கொடுக்கும்.

அடுத்தது ஜிலிப்சி, ஏறக்குறைய எல்லாப் புரோகிராமும் சார்ந்திருக்கும் சி லைப்ரரி. போர்டில் ஓட்டும்போது 'ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை' என்ற வரி வராத அலுவலகம் குறைவு. குறிப்பாக இந்த எண் வருவதற்குக் காரணம் உண்டு. 2021 ஆகஸ்டில் வந்த 2.34-ல் த்ரெட்களுக்கான பித்ரெட் லைப்ரரியை லிப்சிக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். புரோகிராமைத் தொடங்கிவைக்கும் ஃபங்ஷனுக்கே புதிய பதிப்பு முத்திரை விழுந்தது. அதனால் 'ஹலோ வேர்ல்ட்' கூடத் தப்பாது. உபுண்டு 22.04-ல் இருப்பது 2.35, டெபியன் 11-ல் 2.31. அந்த உபுண்டுவின் கிராஸ் கம்பைலரை எடுத்து இந்த டெபியனுக்குக் கட்டினால், சிஸ்ரூட்டின் லிப்சியை விட்டுத் தன் கூடவே வந்த லிப்சியோடு அது லிங்க் செய்துவிடும். இதற்கு வைத்தியமாகப் புதிய ஜிலிப்சியைப் போர்டில் காப்பி செய்கிறவர்களும் உண்டு. அதன்பின் எல்எஸ்கூட ஓடாது, எஸ்டி கார்டை மறுபடி எழுதித்தான் மீள வேண்டும். சரியான வழி, போர்டின் ஜிலிப்சிக்குச் சமமான அல்லது அதற்கும் பழைய ஜிலிப்சியுடன் வரும் டூல்செயினை எடுப்பது. டெபியன் 11 போர்டுக்கு டெபியன் 11 கன்டெய்னருக்குள் வைத்துக் கம்பைல் செய்வது எளிது.

இனி கான்ஃபிகர், அதாவது க்யூட்டியை எப்படிக் கட்டுவது என்று தீர்மானிக்கும் படி. இரண்டு பிரிஃபிக்ஸ்களை, அதாவது நிறுவும் பாதைகளை, குழப்பக்கூடாது. ஒன்று, க்யூட்டி போர்டில் எங்கே உட்காரப்போகிறது என்பது. மற்றது, கட்டி முடித்ததை ஹோஸ்டில் எங்கே வைப்பது என்பது. இடம் மாற்றினாலும் ஓடவைக்கும் ரீலோகேட்டபிள் வசதியை அணைத்துக் கட்டினால் முதலாவது லைப்ரரிக்குள்ளேயே பதிந்துபோகிறது. அப்போது பிளக்கின்களையும் க்யூஎம்எல் மாட்யூல்களையும் ஓடும்போது தேடப்போவது அந்தப் பாதையை ஒட்டித்தான். இரண்டும் ஒன்றே என்று கொடுத்துவிட்டு, போர்டில் வேறு ஃபோல்டரில் கொண்டுபோய்ப் போட்டால், 'மாட்யூல் நிறுவப்படவில்லை' என்று குயிக் கன்ட்ரோல்ஸைச் சொல்லிப் புலம்பக்கூடும்.

கான்ஃபிகர் முடிந்ததும் ஒரு சம்மரி கோப்பு உண்டாகிறது. இந்த வேலையில் ஒரே ஒரு கோப்பைத்தான் பொறுமையாகப் படிக்க முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். ஓபன்ஜிஎல் இஎஸ் 2, ஈஜிஎல், கேஎம்எஸ் (கர்னலின் திரை அமைப்பு), விண்டோ சிஸ்டம் இல்லாமல் நேராகத் திரையில் வரையும் ஈஜிஎல்எஃப்எஸ்-க்குக் கீழே ஜிபிஎம், ஈவ்டெவ், லிப்இன்புட், ஃபான்ட்கான்ஃபிக்: இவற்றுக்கு எதிரே 'யெஸ்' இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ஈஜிஎல்லுக்கு 'நோ' விழுந்தால் கம்பைல் தொடங்கவே கூடாது. விடுபட்ட பேக்கேஜைப் போர்டில் போட்டு, மறுபடி இழுத்து, லிங்க்குகளைச் சரிசெய்து கான்ஃபிகரை ஓட்டினாலும் அதே 'நோ' வருவதுண்டு. சிமேக் தன் கேஷ் கோப்பில் பழைய பதிலை வைத்திருக்கிறது. பில்டு ஃபோல்டரைக் காலி செய்துவிட்டு ஓட்டினால் தீரும். இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்ப்பது வீண்.

போர்டில் முதன்முதலாக ஓட்டும்போது வரும் இரண்டு எரர்கள் கேட்பதற்கு ஒன்றுபோலிருக்கும். க்யூட்டியைத் திரையோடு இணைக்கும் பிளாட்ஃபார்ம் பிளக்கினைக் 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்றால் கோப்பே அந்த இடத்தில் இல்லை. 'கண்டுபிடித்தும் ஏற்ற முடியவில்லை' என்றால் கோப்பு இருக்கிறது, அது சார்ந்திருக்கும் ஏதோ ஒரு லைப்ரரி இல்லை. இரண்டாவதற்கு, சார்ந்திருக்கும் லைப்ரரிகளைப் பட்டியலிடும் எல்டிடியைப் புரோகிராமின்மேல் ஓட்டிப் பயனில்லை. பிளக்கினின் எஸ்ஓ கோப்பின்மேல் ஓட்ட வேண்டும். க்யூட்டியின் பிளக்கின் டீபக் வேரியபிளில் 1 போட்டு ஓட்டினால் எந்தெந்தப் பாதையில் தேடியது, எதில் தடுக்கி விழுந்தது என்று அதுவே ஒப்பித்துவிடும்.

பிளக்கின் ஏறியும் திரை கறுப்பாகவே இருந்தால் அனுமதியைப் பார்க்க வேண்டும். புரோகிராமை ஓட்டும் யூசர் வீடியோ, ரெண்டர், இன்புட் குரூப்களில் இருக்க வேண்டும். ரூட்டாக ஓடுகிறது, சிஸ்டம்டி சர்வீஸாக ஓடவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான். வெஸ்டன், எக்ஸ் சர்வர் போன்ற விண்டோ சிஸ்டம் ஏதேனும் முன்பே ஓடிக்கொண்டிருந்தால் திரையின் உரிமை அதனிடம் இருக்கும், நமக்குக் கிடைக்காது. ராஸ்பெர்ரி பை 4-ல் இன்னொரு வினோதம்: திரையை ஓட்டும் டிரைவரும் 3டி வரையும் டிரைவரும் தனித்தனி கார்டு எண்களில் வருகின்றன. கார்டு 0 இன்று திரை, நாளை அது 1 ஆகலாம். எந்தக் கார்டு என்று கேஎம்எஸ் ஜேசான் கோப்பில் எழுதி, அதன் பாதையை வேரியபிளில் கொடுப்பது நல்லது. அதிலும் எண்ணை எழுதாமல், பாதையை வைத்துப் பெயரிடும் லிங்க்கை எழுதினால் ரீபூட்டுக்குத் தாங்கும்.

ஈஜிஎல்எஃப்எஸ்-ல் ஒரே ஒரு முழுத்திரை ஓபன்ஜிஎல் விண்டோதான். டெஸ்க்டாப்பில் எழுதிப் பழகியவர் ஒரு தனி விண்டோவில் செட்டிங்ஸ் திறந்தால் புரோகிராம் அங்கேயே விழுந்துவிடும். ஜிபியு இல்லாத போர்டில், ஃப்ரேம்பஃபரில் நேராக வரையும் லினக்ஸ்எஃப்பி பிளக்கின், குயிக்குக்கு சாஃப்ட்வேர் பேக்கெண்ட். விட்ஜெட்டுகள் அதில் நன்றாகவே ஓடும், ஷேடர் எஃபெக்ட்டுகளை மறந்துவிட வேண்டும்.

திரையைத் திருப்பி மாட்டியிருந்தால் படமும் தொடுகையும் தனித்தனியே திருப்பப்பட வேண்டும். ரொட்டேஷன் வேரியபிள் விட்ஜெட்டுகளுக்கு மட்டுமே. குயிக்குக்கு அது பொருந்தாது, க்யூஎம்எல்லில் மேல்மட்ட ஐட்டத்தையே சுழற்ற வேண்டும். படம் சரியாக நின்று, வலப்பக்கம் தொட்டால் மேலே உள்ள பட்டன் அமுங்குகிறது என்றால் தொடுகையைத் திருப்பவில்லை என்று பொருள்.

எழுத்து மட்டும் தெரியவில்லையா? க்யூட்டி இப்போது ஃபான்ட்டுகளைத் தன்னோடு கொண்டுவருவதில்லை. லாக்கில் அதைச் சொல்லவும் செய்கிறது. ஒரு ஃபான்ட்டைக் காப்பி செய்தால் தீர்ந்தது. தமிழ் காட்டுவதாக இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். இமேஜ் அளவைக் குறைக்கிறேன் என்று யாராவது, எழுத்துகளை முறைப்படி அடுக்கும் ஹார்ஃப்பஸ்ஸை நீக்கிக் கட்டியிருந்தால், தமிழ் ஃபான்ட் இருந்தும் ஒற்றைக்கொம்பு மெய்க்குப் பின்னால் போய் நிற்கும். ஃபான்ட்டை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை, கான்ஃபிகருக்குத் திரும்ப வேண்டும்.

உரிமம் பற்றி ஒரு சொல். அடிப்படை மாட்யூல்கள் எல்ஜிபிஎல் 3 என்ற திறந்த மூல உரிமத்தில் கிடைக்கின்றன. ஆனால் விர்ச்சுவல் கீபோர்டு, சார்ட்ஸ் போன்றவை ஜிபிஎல் அல்லது வணிக உரிமம் மட்டுமே. டச் ஸ்கிரீன் கருவி என்றாலே விர்ச்சுவல் கீபோர்டு கேட்பார்கள். கடைசி வாரத்தில் கேட்பார்கள். சப்மாட்யூல் பட்டியலைப் போடும் முதல் நாளிலேயே எது எந்த உரிமம் என்று பக்கத்தில் எழுதி, முடிவெடுக்க வேண்டியவரின் ஒப்புதலை வாங்கிவிட வேண்டும்.

போர்டில் சோதிக்கும் நாட்களில் வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக ஒரு இணைப்பைத் திறந்து வைத்திருப்பது நல்லது. ஈஜிஎல்எஃப்எஸ் ஓடும்போது டெர்மினல் கீபோர்டை அணைத்துவிடுகிறது. புரோகிராம் கிராஷ் ஆனால் சில வேளைகளில் அது திரும்பாமலே போகிறது. திரையில் கடைசிப் படம் அப்படியே நிற்கும், கீபோர்டில் எதை அடித்தாலும் அசைவிருக்காது, போர்டு செத்துவிட்டது என்று பவரைப் பிடுங்கத் தோன்றும். எஸ்எஸ்எச்சில் பார்த்தால் போர்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.