ஒருவர் விலகினால் மூன்று பேர் நிற்பார்கள்: சியர்லீடிங் பிள்ளைகளின் காயமும் பயிற்சியும்

மற்ற குழு விளையாட்டுகளில் ஒருவருக்கு அடிபட்டால் வெளியே உட்கார்ந்திருப்பவர் உள்ளே வந்துவிடுவார். ஒருவரை ஒருவர் தூக்கி நிறுத்தியும் கரணம் அடித்தும் குழுவாகச் செய்யும் சியர்லீடிங்கில் அந்த வசதி பெரும்பாலும் கிடையாது. ஒருவரை மேலே தூக்கி நிறுத்துவதுதான் ஸ்டண்ட். ஒரு ஸ்டண்ட் குழுவில் வழக்கமாக நான்கு பேர்: கீழே தாங்கும் இரண்டு பேஸ், பின்னால் நின்று பிடிக்கும் பேக் ஸ்பாட், மேலே ஏறும் ஃப்ளையர். நால்வரில் யார் விலகினாலும் மற்ற மூவரும் கைகட்டி நிற்க வேண்டியதுதான். பல ஸ்டண்ட் குழுக்கள் இணைந்து கட்டும் பிரமிட் என்றால் பக்கத்துக் குழுவும் சேர்ந்து நிற்கும். இது 11 வயதுப் பிள்ளைக்கும் நன்றாகத் தெரியும். அதனால் பயிற்சியின் நடுவே, எல்லோர் முன்னாலும், "வலிக்குதாம்மா?" என்று கோச் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

கேள்வியைப் பயிற்சி தொடங்கும் முன், தனியாகக் கேட்க வேண்டும். இன்னும் நல்லது, ஒவ்வொரு பிள்ளையும் உள்ளே நுழையும்போதே ஒரு சீட்டில் எங்கே வலி, 10-க்கு எத்தனை என்று எழுதிக் கொடுப்பது. வாயால் சொல்லத் தயங்கும் பிள்ளைகள்கூட எழுதிவிடுவார்கள்.

வலி எல்லாமே காயம் கிடையாது. புதிய பயிற்சிக்கு அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ இரண்டு தொடையிலும் பரவலாக வரும் வலி, உடம்பு சூடேறியதும் குறைந்தால் அது தசை அசதி, பயிற்சியைத் தொடரலாம். ஒரு விரலால் தொட்டு "இங்கேதான்" என்று காட்டக்கூடிய வலி, ஒரு பக்கம் மட்டும் இருக்கும் வலி, பயிற்சி நீள நீள ஏறும் வலி, இரவில் எழுப்பும் வலி, வீக்கம், நொண்டுதல் ஆகியவை வேறு வகை. பழைய காயத்துக்குப் பிறகு திரும்பும்போது வலி 10-க்கு 2 வரை இருந்து, மறுநாள் காலையில் கூடாமல் இருந்தால் அதே அளவில் தொடரலாம். மறுநாள் கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம் என்று அர்த்தம்.

இந்த எண்களைவிட நாங்கள் பெரிதாக மதிப்பது ஒன்று உண்டு: செய்யும் முறை மாறுகிறதா? மணிக்கட்டு வலிக்கும் பேஸ், உள்ளங்கையில் வாங்க வேண்டிய பாதத்தை விரல்களில் வாங்குவாள். முதுகு வலிக்கும் பேஸ் முட்டியை மடக்காமல் இடுப்பை வளைத்துத் தூக்குவாள். கணுக்கால் வலிக்கும் பிள்ளை டம்ப்ளிங் (தரையில் போடும் கரணங்கள்) முடிவில் ஒற்றைக் காலில் பாரம் போட்டு இறங்கும். முறை மாறினால், வலி 1 என்று சொன்னாலும் அன்றைக்கு ஸ்டண்ட் இல்லை. மற்ற விளையாட்டுகளில் வலியை மறைப்பவர் தனக்குத்தான் கெடுதல் செய்துகொள்கிறார். இங்கே பேஸின் மணிக்கட்டு விட்டுக்கொடுத்தால் கீழே விழுவது வேறொரு பிள்ளை.

அடிக்கடி வருவது கணுக்கால் சுளுக்கு. முதலில் எலும்பு முறிவு இருக்குமா என்று பார்க்க வேண்டும். அடிபட்ட உடனும் பிறகும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்காலின் உள்மொட்டு அல்லது வெளிமொட்டு எலும்பின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் வலித்தாலோ, பாதத்தின் வெளிவிளிம்பில் சுண்டுவிரல் எலும்பின் அடிப்பகுதியிலோ உள்பக்க மேட்டிலோ அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே தேவை. வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு கவலையும் உண்டு. அவர்களுடைய எலும்பு முனையில் உள்ள வளர்ச்சித் தட்டு, பக்கத்துத் தசைநாரைவிடப் பலவீனமானது. பெரியவர்களுக்குத் தசைநார் கிழியும் அதே திருகலில் பிள்ளைகளுக்கு வளர்ச்சித் தட்டு அடிபடலாம். எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். எனவே வலி எலும்பின் மேலேயே இருந்தால் "வெறும் சுளுக்குதான்" என்று நாமே சொல்லிக்கொள்ள வேண்டாம்.

முறிவு இல்லை என்றான பிறகு முதல் இரண்டு, மூன்று நாள் கட்டு, காலை உயர்த்தி வைத்தல், பாரம் குறைத்தல். ஐஸ் வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். அதன்பின் முழு ஓய்வு உதவாது. வலி அனுமதிக்கும் அளவுக்கு நடக்க வேண்டும், பாதத்தை அசைக்க வேண்டும். லேசான சுளுக்கில் வலி ஓரிரு வாரத்தில் போய்விடும். தப்பு நடப்பது அங்கேதான். வலி போனாலும் கணுக்காலின் நிலையுணர்வு, அதாவது பாதம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமலே அறியும் உணர்வு, திரும்பியிருக்காது. அதனால் ஒரு முறை சுளுக்கிய கணுக்கால் மறுபடி சுளுக்குவதற்கு வாய்ப்பு அதிகம்.

திரும்ப விடும் முன் அடிபட்ட காலை நல்ல காலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கண்ணை மூடி ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்பது, ஒற்றைக் காலில் குதிகாலை 20 முறை உயர்த்துவது, ஒற்றைக் காலில் முன்னும் பக்கவாட்டிலும் தாவி அசையாமல் இறங்குவது. மூன்றிலும் இரண்டு காலும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருந்தால் அடுத்த படி. வரிசை இப்படிப் போகட்டும்: ஓட்டம், இரண்டு காலில் குதித்தல், ஒற்றைக் காலில் தாவல், ரவுண்ட்-ஆஃப் (கை ஊன்றிப் பக்கவாட்டில் கரணம் போட்டு இரண்டு காலிலும் இறங்குவது), பேக் ஹேண்ட்ஸ்பிரிங் (பின்பக்கம் பாய்ந்து கை ஊன்றிப் போடும் கரணம்), கடைசியாக ட்விஸ்ட் (உடம்பைத் திருகிச் சுழல்வது) உள்ளவை. ஸ்பிரிங் தரை இருந்தால் முதலில் அதில், பிறகே கெட்டியான பயிற்சிப் பாயில். லேஸ் கட்டும் கணுக்கால் பிரேஸ் (தாங்கு உறை) சில மாதம் போடுவது நல்லது. ஆனால் சமநிலைப் பயிற்சிக்கு அது மாற்று ஆகாது.

மணிக்கட்டில் ஆபத்து சத்தமில்லாமல் வரும். ஹேண்ட்ஸ்பிரிங்கிலும் ஹேண்ட்ஸ்டாண்டிலும் முழு உடம்பின் பாரமும், அதற்கு மேலும், பின்னால் வளைந்த மணிக்கட்டில் இறங்குகிறது. பேஸுக்கும் அதே வளைவில்தான் பாரம். கட்டைவிரல் பக்க முன்கை எலும்பின் கீழ்முனையில் உள்ள வளர்ச்சித் தட்டு இதில் புண்படும். அடையாளம்: கையை ஊன்றினால் மணிக்கட்டின் மேல்பக்கம் வலி, எழுதும்போது ஒன்றுமில்லை. இதற்குச் சிகிச்சை கையை ஊன்றாமல் இருப்பதுதான், வாரக்கணக்கில், வலி முழுவதும் போகும்வரை. டேப் சுற்றித் தொடர்ந்தால் அந்தத் தட்டு முன்கூட்டியே மூடி, அந்த எலும்பு குட்டையாகி, பக்கத்து எலும்பு நீண்டு முட்டக்கூடும். இந்தக் கோளாறு பெரியவரான பிறகும் கூடவே வரும்.

கீழ்முதுகு வலியைத்தான் மிக அதிகமாக அலட்சியம் செய்கிறார்கள். பிரிட்ஜ், வாக்ஓவர், ஸ்கார்ப்பியன் போன்ற, உடம்பை வில்லாக வளைக்கும் அசைவுகளில் கீழ்முதுகு திரும்பத் திரும்பப் பின்னால் வளைகிறது. கம்பியை ஒரே இடத்தில் வளைத்துக்கொண்டே இருந்தால் அங்கே விரிசல் விடுவதுபோல, கடைசி இடுப்பு முள்ளெலும்பின் மெல்லிய பாலத்தில் அழுத்த விரிசல் வரலாம்; மருத்துவர்கள் ஸ்பாண்டிலோலிசிஸ் என்பார்கள். ஒற்றைக் காலில் நின்று பின்னால் சாயும்போது வலித்தால் சந்தேகம் வேண்டும். பின்னால் வளையும் பயிற்சி செய்யும் பிள்ளைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் முதுகு வலித்தால் "தசைப்பிடிப்பு" என்று விட்டுவிடக் கூடாது. சாதா எக்ஸ்ரேயில் ஆரம்ப விரிசல் தெரியாமல் போவது சகஜம், எம்ஆர்ஐ தேவைப்படலாம். ஆரம்பத்தில் பிடித்தால் சுமார் மூன்று மாதம் விளையாட்டை நிறுத்தி, வயிறு, இடுப்புத் தசைகளைப் பலப்படுத்தினால் எலும்பு சேர நல்ல வாய்ப்பு உண்டு. காலம் கடந்தால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். மூன்று மாதம் என்றதும் பெற்றோர் முகம் வாடுவது இயல்பு. பிள்ளைக்கு இன்னும் அறுபது, எழுபது வருஷம் அந்த முதுகுதான்.

தலையில் அடி என்றால் விவாதமே இல்லை. ஃப்ளையரின் முழங்கை பேஸின் நெற்றியில் பட்டாலும், ஃப்ளையர் பயிற்சிப் பாயில் விழுந்து கழுத்து உலுக்கினாலும், தலைவலி, தலைசுற்றல், குழப்பம், வெளிச்சம் தாங்காமை, மந்தம் என எது வந்தாலும் அன்று திரும்ப உள்ளே விடக்கூடாது. தலைவலி ஏறிக்கொண்டே போனால், மறுபடி மறுபடி வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், எழுப்ப முடியாமல் தூங்கினால், கைகால் மரத்தால் உடனே அவசர சிகிச்சை. கழுத்து வலி இருந்தால் பிள்ளையை அசைக்கவே வேண்டாம்.

இருட்டறையில் நாள்கணக்கில் படுக்க வைக்கும் பழக்கம் இப்போது இல்லை. 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த சர்வதேச மாநாட்டின் பரிந்துரைப்படி முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓரளவு ஓய்வு, செல்போன், டிவி குறைவு; பிறகு லேசான நடை, சைக்கிள். அதன்பின் படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். முழுப் பள்ளி நாளையும் தாங்கிய பிறகே முழு விளையாட்டு. சியர்லீடிங்கில் அந்தப் படிகளை நாங்கள் இப்படிப் பொருத்துவோம்: முதலில் ஓட்டம், பிறகு தனியாக மோஷன் (கை அசைவுகள்), ஜம்ப்; அறிகுறி முழுவதும் போய், மருத்துவர் எழுத்தில் அனுமதித்த பிறகே தலைகீழாகும், சுழலும் டம்ப்ளிங்; ஸ்டண்ட் அதற்கும் பிறகு. ஆறாத மூளையில் இரண்டாவது அடி பட்டால், அரிதாக என்றாலும், உயிரையே எடுக்கும் வீக்கம் வரலாம்.

பயிற்சிக்கு முன் வலி மாத்திரை கொடுத்து அனுப்புவதை அறவே நிறுத்த வேண்டும். எங்கே நிறுத்துவது என்று உடம்பு சொல்லும் ஒரே வழியை அது அடைத்துவிடும்.

காயமான பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதும் தவறு. கணுக்கால் என்றால் உட்கார்ந்து கைப் பலம், மோஷன். மணிக்கட்டு என்றால் கால் பலம், கையை ஊன்றாத பயிற்சிகள். முழு ரொட்டீனையும் (குழு மேடையில் செய்யும் முழு நிகழ்ச்சி) ஓரமாக இருந்து தாளக் கணக்குச் சொல்லி நடத்தட்டும். எண்ணிக்கையும் இடமாற்றமும் மறக்காமல் இருந்தால் திரும்பும் நாள் பாதி வேலை மிச்சம்.

சீசன் தொடங்கும்போதே கோச் ரொட்டீனை இரண்டு விதமாக எழுதி வைக்கலாம்: முழுக் குழுவுக்கு ஒன்று, ஒரு ஸ்டண்ட் குழு குறைந்தால் ஒன்று. ஒவ்வொரு பிள்ளையும் இன்னொரு இடத்தையும் பழகியிருந்தால், விலகும் பிள்ளையின் குற்ற உணர்வு பாதியாகும். வாரத்தில் ஒரு நாளாவது முழு விடுமுறை. வார மணி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்ட வேண்டாம், 12 வயதுக்கு 12 மணி. ஃப்ளையர்களுக்கு எடையைப் பற்றிப் பேசவே கூடாது. சாப்பாட்டைக் குறைத்து, மூன்று மாதம் மாதவிடாய் வராமல் போனால் எலும்பு மெலியக்கூடும் என்று பொருள்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்; அழுத்த முறிவுகள் ஆறாமல் இழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

திரும்பும் வாரத்தில் எண்ணிக்கையைக் கையில் வைத்திருங்கள். முன்பு ஒரு பயிற்சியில் 20 ஹேண்ட்ஸ்பிரிங் செய்தவர் முதல் வாரம் 5, ஒருநாள் விட்டு ஒருநாள். அடுத்த வாரம் எண்ணிக்கையைக் கூட்டலாம் அல்லது கடினத்தைக் கூட்டலாம். இரண்டையும் சேர்த்துக் கூட்டக் கூடாது. ஸ்டண்டில் தொடை உயரத்திலிருந்து தொடங்கி, தோள் உயரத்தில் இரண்டு கால், பிறகு கை நீட்டிய உயரம், அதன்பின் ஒற்றைக் கால். முன்னால் கூடுதலாக ஒரு ஸ்பாட்டர் (விழுந்தால் பிடிப்பவர்) நிற்கட்டும். ஃப்ளையர் பயந்து நடுவில் இறங்கினால் அதட்டாமல் முந்தைய உயரத்துக்குப் போய் அங்கே சில நாள் இருங்கள். ஃப்ளையரை மேலே வீசிப் பிடிக்கும் பாஸ்கட் டாஸ் எல்லாவற்றுக்கும் கடைசி.