சமர்த்துக் குழந்தை என்றுதான் நினைத்தோம்

எங்கள் சின்னவள் அழவே மாட்டாள். தூங்கி எழுந்தாலும் தொட்டிலில் படுத்தபடி தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் "என்ன சமர்த்து!" என்றார்கள். பெரியவள் ஒரு நிமிஷம் சும்மா இருக்காதவள். அவளை வளர்த்த களைப்பில் இருந்த எங்களுக்கு அந்தப் பாராட்டு இனித்தது. இப்போது யோசித்தால், எங்களை ஒன்றரை வருஷம் தாலாட்டித் தூங்க வைத்த சொல் அது.

எனக்கு முதலில் சுருக்கென்றது ஒரு மாலை நேரத்தில். அவளுக்கு 18 மாதம். மாடியில் நின்றிருந்தோம். தாழ்வாக ஒரு விமானம் போனது. "அங்க பாரு!" என்று கையை நீட்டினேன். பெரியவள் வானத்தைப் பார்த்துக் கத்தினாள். சின்னவள் என் விரல் நுனியைப் பார்த்தாள். அதைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு, என் சட்டைப் பொத்தானை நோண்டப் போய்விட்டாள்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? விமானத்தைப் பார்க்காததெல்லாம் ஒரு குறையா?

பேச்சு வரவில்லையா, "நீயே மூணு வயசு வரைக்கும் வாயைத் திறக்கலடா" என்பார் என் அம்மா. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா, விளையாட்டில் மும்முரம். எதையும் கேட்பதில்லையா, கேட்பதற்கு முன்பே அக்கா எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் குழம்புகிறாள் என்றார் ஒருவர். (இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.) தண்ணீர்க் குழாயைத் திறக்க வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய் என் கையைக் குழாய் மேல் வைப்பாள். அதை நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் ஒருமுறைகூட என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை என்பது மட்டும் என் கண்ணில் படவில்லை. எல்லாச் சமாதானமும் தனித்தனியே நியாயமானதுதான். ஒரே குழந்தைக்கு ஐந்து சமாதானம் எதற்குத் தேவைப்படுகிறது என்றுதான் யாரும் கேட்கவில்லை.

கடைசியில் வாய் திறந்தது மனைவி. "ஒண்ணு சொல்றேன், கோபப்படக் கூடாது நீங்க" என்று ஆரம்பித்தாள். நான் கோபப்பட்டேன்.

19 மாதத்தில் தடுப்பூசிக்குப் போனபோது மருத்துவரிடம் கேட்டோம். "சரியா பேச மாட்டேங்கிறா டாக்டர்" என்றேன். ஊசி போட்டு அழுதுகொண்டிருந்த குழந்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரெண்டு வயசு ஆகட்டும், பார்ப்போம்" என்றார். எனக்குப் பெரிய நிம்மதி. அவர் மேல் பழி போட்டு என்ன பயன்? நான் சொன்ன அந்த ஒற்றை வரியைக் கேட்டால் வேறு யாராக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். விரலைப் பற்றியும் முகத்தைப் பற்றியும் நான் சொல்லவே இல்லையே.

மனைவி சமாதானமாகவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் குழந்தை வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியதைப் படித்துவிட்டு வந்தாள். பழைய பட்டியல்கள் பெரும்பாலும் பாதிக் குழந்தைகள் செய்யும் வயதை வைத்து எழுதப்பட்டவை. அதனால் "இன்னும் வரலியா, பரவாயில்ல, வரும்" என்று சொல்வது சுலபம். புதிய பட்டியலில், நூற்றுக்கு 75 குழந்தைகளாவது செய்துவிடும் வயதில்தான் ஒவ்வொன்றையும் போட்டிருக்கிறார்கள். ஒன்று வராவிட்டாலே கோளாறு என்று அர்த்தமில்லை. ஆனால் காத்திருக்காமல் போய்க் கேட்க அது போதும். எங்கள் பட்டியலில் கோடு விழாமல் கிடந்தவை ஆறு.

அப்புறம் ஒரு நோட்டுப் போட்டோம். "பேசுவதில்லை" என்று எழுதுவதில்லை, நடந்ததை மட்டும் எழுதுவது என்று ஏற்பாடு. பத்து முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டோம், இரண்டு முறை திரும்பினாள். அடுத்த அறையில் பொட்டலம் பிரிக்கும் சத்தத்துக்கு உடனே ஓடிவந்தாள். பொம்மைக் காரை ஓட்டவில்லை, கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றினாள், இருபது நிமிஷம். இதோடு, போனை அலமாரியில் சாய்த்து வைத்து இரண்டு இரண்டு நிமிஷ வீடியோக்களும் எடுத்தோம். கையில் பிடித்து எடுத்தால் குழந்தை போனைத்தான் பார்க்கும்.

போனில் இடம் இல்லை என்று பழைய வீடியோக்களை அழிக்கப் போனபோதுதான் அது கிடைத்தது. அவளுக்கு 11 மாதம். வாசலில் நிற்கும் பாட்டிக்கு டாட்டா காட்டுகிறாள். காட்டிவிட்டுப் பாட்டி முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். எட்டு விநாடி. நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இவள் டாட்டா காட்டி எத்தனை மாதமாயிற்று? எப்போது நின்றது? இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

வராதது தாமதமாக வரலாம். வந்த ஒன்று காணாமல் போனால், எந்த வயதாக இருந்தாலும், ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. நாங்கள் அடுத்துப் பார்த்த மருத்துவர் நோட்டைப் படித்ததும் முதலில் கேட்டதே "முன்னாடி செஞ்சு இப்போ செய்யாதது ஏதாவது இருக்கா?" என்றுதான்.

ஆட்டிசத்தின் (பிறரோடு பழகுவதும் பேசுவதும் வேறு விதமாக வளரும் நிலை) அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் எம்-சாட் என்ற கேள்வித்தாளை அவர் கொடுத்தார். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. 20 கேள்வி. ஆம், இல்லை இரண்டே பதில்தான். 'சில சமயம்' என்று நழுவ இடமில்லை. ஆளுக்கொரு தாள் கொடுத்துத் தனித்தனியே நிரப்பச் சொன்னார். என் கணக்கில் 2 மதிப்பெண், அதாவது கவலை குறைவு. மனைவியின் கணக்கில் 6. ஒரே வீடு, ஒரே குழந்தை!

எங்கே வேறுபட்டோம் என்று பார்த்தால், விரல். சுட்டிக்காட்டுவாளா என்ற கேள்விக்கு நான் 'ஆம்' போட்டிருந்தேன். அலமாரிப் பக்கம் கை நீட்டுவாளே! "அது முழுக் கை. வேணும்னு நீட்டுறா. இங்க கேக்கறது வேற" என்றாள் மனைவி. மருத்துவர் தலையாட்டினார். எனக்கு எடுத்துக் கொடு என்று காட்டுவது ஒன்று, இதைப் பாரேன் என்று காட்டுவது இன்னொன்று. அதற்குத் தனித்தனிக் கேள்வியே இருக்கிறது என்றார். இரண்டாவதில் குழந்தைக்கு எதுவும் வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பவரும் அதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மாடியில் விமானம் போன மாலை எனக்கு ஞாபகம் வந்தது. அவள் எத்தனை வார்த்தை பேசுகிறாள் என்றே இத்தனை நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

3 முதல் 7 வரை வந்தால் அதே கேள்விகளை உதாரணம் கேட்டுத் துருவுவார்கள். துருவினார். முழு வளர்ச்சி மதிப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்தார், காதுப் பரிசோதனைக்கும் சேர்த்து. இது வடிகட்டும் தாள்தான், நோயின் பெயர் சொல்லும் தாள் அல்ல என்று இரண்டு முறை சொன்னார்.

பிறந்தபோதே காது நன்றாகக் கேட்கிறது என்று சொல்லிவிட்டார்களே என்று வாதாடினேன். அதற்கப்புறமும் குறையலாமாம். குழந்தை தூங்கும்போது நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்னக் கம்பி முனைகளை ஒட்டிக் காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனை. விடியற்காலையில் எழுப்பி, தூங்கவிடாமல் வைத்திருந்து கூட்டிப்போனோம். வழியிலேயே தோளில் சாய்ந்து தூங்கி, ஒட்டும் நேரத்தில் தெம்பாக எழுந்து உட்கார்ந்துகொண்டாள். மறுபடி ஒரு நாள் போய்தான் முடிந்தது. இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது, கேட்கும் திறன் லேசாகக் குறைந்திருக்கிறது என்றார்கள்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. காதுதான் காரணம்! அம்மாவுக்கு, அண்ணனுக்கு, எல்லோருக்கும் போன் போட்டேன். நீர் பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே வற்றிவிடும், அதுவரை மதிப்பீட்டைத் தள்ளிவைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன்.

"காது கேக்காத குழந்தை கையால பேசும்ங்க. கண்ணால பேசும். நம்ம முகத்தையே பார்த்துட்டு இருக்கும். உங்க பொண்ணு அதையும் செய்யலையே" என்றார் அவர்.

தள்ளிவைக்கவில்லை.

தேதி கிடைக்க இரண்டு மாதம் ஆனது. அதற்குள் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டோம். மதிப்பீடு இரண்டு நாள் நடந்தது. முதல் நாள் பாதி நேரம் எங்களுக்குத்தான் கேள்வி. எத்தனையாவது வாரத்தில் பிறந்தாள் (குறைமாதக் குழந்தை என்றால் இரண்டு வயது வரை, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்துதான் வயதைக் கணக்கிடுவார்கள்), எப்போது உட்கார்ந்தாள், எப்போது நடந்தாள் என்று. நோட்டு கைகொடுத்தது.

இரண்டாம் நாளில் ஒன்று மட்டும் சொல்கிறேன். மதிப்பீடு செய்த பயிற்சியாளர் சோப்புக் குமிழி ஊதினார். அவள் குதித்தாள், சிரித்தாள், எல்லாக் குழந்தையையும் போலத்தான் இருந்தாள். பிறகு மூடியை இறுக்கி மூடி, குப்பியை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டார். அவள் திருகிப் பார்த்தாள். பல்லால் கடித்தாள். பயிற்சியாளரின் கையைப் பிடித்து மூடி மேல் வைத்தாள். வைத்த கையைத்தான் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. "அம்மு, கேளு" என்று சொல்ல நான் வாயெடுத்தேன். மனைவி என் முழங்காலை அழுத்தினாள். அரை நிமிஷம் இருக்கும். அறையில் இருந்த யாரும் எதுவும் சொல்லவில்லை.

23 மாதக் குழந்தைக்குக் கைவிரல்களைப் பயன்படுத்தும் திறன் வயதுக்கேற்ப இருக்கிறது, சொல்வதைப் புரிந்துகொள்வது ஏறக்குறைய 12 மாத அளவில் இருக்கிறது என்று அறிக்கையில் எழுதியிருந்தது. ஆட்டிசமாக இருக்கலாம், 30 மாதத்தில் திரும்பப் பார்த்து முடிவு செய்வோம், பேச்சுப் பயிற்சி மட்டும் போதாது, முழுப் பயிற்சியை இப்போதே தொடங்குங்கள் என்றார்கள். பெயரே தெரியாமல் எதற்குப் பயிற்சி என்று கேட்டேன். பெயர் தெரியாவிட்டாலும் அவளுக்கு எது வரவில்லை என்பது தெரியுமே என்றார் பயிற்சியாளர். சரிதான்.

30 மாதத்தில் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்கள். காதில் இருந்த நீர் அதற்குள் வற்றியிருந்தது. நான் பயந்த அளவுக்கு இடிந்துபோகவில்லை. மறுநாள் காலை பயிற்சிக்கு நேரமாகிவிட்டது, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம்.

போன வாரம் பழைய நண்பன் கூப்பிட்டான். அவன் மகனுக்கு 16 மாதம். "ஒரு வார்த்தைகூட வரலடா, எங்கம்மா வரும் வரும்கிறாங்க, உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே" என்றான். எத்தனை வார்த்தை என்று நான் கேட்கவில்லை. எதையாவது பார்த்தால் விரலை நீட்டிக் காட்டுவானா, காட்டிவிட்டு நீ பார்க்கிறாயா என்று உன் முகத்தைப் பார்ப்பானா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருப்பது கேட்டது.

"இரு, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றான்.